‘இரண்டு புள்ளி’ குறைத்தால் வசனம் கேட்குமா? திரைப்பட ஒலி குறித்த ஒரு விளக்கம்

2024 நவம்பரில் பெரும் பொருட்செலவில் எடுக்கப்பட்ட ஒரு தமிழ்ப் படம் வெளியானவுடனேயே, அதன் ஒலி காதைப் பிளக்கிறது என்ற புகார் எழுந்தது. படத்தின் தயாரிப்பாளரே முன்வந்து, ஒலியளவை ‘இரண்டு புள்ளி’ குறைத்து ஓட்டும்படி திரையரங்குகளிடம் சொல்லியிருப்பதாக அறிவித்தார். ஆஸ்கர் விருது பெற்ற ஒலிக்கலைஞர் ரசூல் பூக்குட்டி, கடைசி நேரத்தில் வந்து குவியும் திருத்தங்களையும் சேர்த்தே இதற்குக் காரணமாகச் சொல்லி வருத்தப்பட்டார்.

அந்த ஒரு படத்தோடு பேச்சு ஓயவில்லை. எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஒரு பெரிய படத்தின் இடைவேளையில் வெளியே வந்து நின்றால் இரண்டு புகார்கள் காதில் விழும். ஒன்று, “சத்தம் தாங்க முடியல்ல.” மற்றொன்று, “வசனம் ஒண்ணும் வெளங்கல்ல.” பல சமயம் இரண்டையும் சொல்பவர் ஒருவரே. சத்தம் அதிகமாக இருக்கும் இடத்தில் பேச்சு எப்படிக் கேட்காமல் போகும்? அந்த ‘இரண்டு புள்ளி’ எதனுடைய புள்ளி? அதைக் குறைத்துவிட்டால் வசனம் தெளிந்துவிடுமா? இவற்றுக்கு விடை காண, ஒலி என்பது என்ன, ஒரு படத்துக்குள் அது எத்தனை அடுக்காக வைக்கப்படுகிறது, எந்த அடுக்கு எப்போது வந்து சேருகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

அளவு வேறு, அதிர்வெண் வேறு

சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலின் இசைத்தூண்களை இந்த மாவட்டத்தில் அறியாதவர் இல்லை. ஒரே கல்லிலிருந்து செதுக்கி எடுத்த அந்தச் சிறு தூண்களில் ஒன்றை மெல்லத் தட்டினாலும் ஓங்கித் தட்டினாலும் அதன் சுரம் மாறுவதில்லை. ஒலியின் அளவுதான் கூடுகிறது அல்லது குறைகிறது. பக்கத்துத் தூணைத் தட்டினால் சுரமே மாறிவிடுகிறது. ஒலியைப் பற்றிய எல்லா விளக்கத்துக்கும் அடிப்படையான இரண்டு பண்புகளும் இந்த ஓர் எடுத்துக்காட்டில் அடங்கிவிடுகின்றன.

1. அதிர்வெண்: ஒரு நொடியில் எத்தனை அதிர்வு என்பது. இதன் அலகு ஹெர்ட்ஸ். குறைந்த எண் கனத்த ஒலியையும் உயர்ந்த எண் கூரிய ஒலியையும் குறிக்கும்.

2. அளவு: ஒலி எவ்வளவு வலுவாக வருகிறது என்பது. இதன் அலகு டெசிபல். இந்த அளவுகோல் சாதாரணக் கூட்டல் முறையில் ஏறுவதில்லை. 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் 10 மடங்காகிறது. ஆனால் காதுக்கு அது ஏறத்தாழ இரண்டு மடங்காகவே படுகிறது.

மனிதப் பேச்சு ஓர் ஒற்றைச் சுரம் அன்று. பல அதிர்வெண்கள் கலந்த கூட்டு. பேச்சில் உயிரொலிகளின் வலுவில் பெரும்பகுதி 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கிறது. மெய்யொலிகளைப் பிரித்துக் காட்டும் குறிப்புகளோ பெரும்பாலும் 1000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையிலும் அதற்கு மேலும் இருக்கின்றன. அவை வலுவில் மிகவும் மெலிந்தவை. நாக்கை வளைத்து ஒலிக்கும் ‘ள’, ‘ழ’ ஆகியவற்றை ‘ல’விலிருந்து காது பிரித்தறிவது ஏறத்தாழ 2000 முதல் 3000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில் ஏற்படும் சிறிய மாற்றத்தைக் கொண்டுதான். அந்தப் பகுதி மட்டும் மூடப்பட்டால், யாரோ பேசுகிறார் என்பது தெரியும். அவர் ‘வலி’ என்றாரா, ‘வளி’ என்றாரா, ‘வழி’ என்றாரா என்பது தெரியாது.

இதற்கான சான்று நம் ஊர்த் திருவிழாக்களிலேயே இருக்கிறது. கோயில் கொடைக்கோ தேவாலயத் திருவிழாவுக்கோ தென்னையில் கட்டும் கூம்பு ஒலிபெருக்கியில் கனத்த ஒலி ஏறக்குறைய வருவதே இல்லை; தவிலும் பறையும் அதில் தகரம் போல ஒலிக்கும். ஆனாலும் வயலுக்கு அப்பால் இருக்கும் வீட்டில் அறிவிப்பு சொல்லுக்குச் சொல் விளங்கும். பழைய தொலைபேசியும் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரை மட்டுமே கடத்தியது. அதை வைத்துக்கொண்டே ஒரு தலைமுறை முழுவதும் பேசிப் புரிந்துகொண்டது. பேச்சு விளங்குவதற்குப் பெரிய ஒலி தேவையில்லை. அதற்கு உரிய அதிர்வெண் பகுதி அடைபடாமல் இருந்தால் போதும்.

ஓர் ஒலி இன்னோர் ஒலியை மறைக்கும் விதம்

முட்டத்தின் பாறைமேல் ஆனி, ஆடி மாதங்களில் நின்றால், கையெட்டும் தூரத்தில் இருப்பவர் பேசுவதும் பாதிதான் காதில் விழும். அலை பாறையில் மோதிச் சிதறும் இரைச்சலில் தனிச் சுரம் எதுவும் கிடையாது. கனத்த ஒலி முதல் கூரிய ஒலி வரை எல்லா அதிர்வெண்களும் அதில் ஒருசேர இருக்கின்றன. பேச்சின் மெலிந்த பகுதிகளுக்கு அது ஓர் இடைவெளியும் விடுவதில்லை. ஒலியியலில் இதற்கு மறைப்பு என்று பெயர். கரையில் நிற்பவர் வள்ளத்தில் இருப்பவரைக் கூப்பிடும்போது பெயரின் கடைசி உயிரை நீட்டி இழுப்பதைக் கவனித்தால், மறைப்பைச் சமாளிக்கும் வழி புலப்படும். வலுவுள்ள உயிரொலி இரைச்சலுக்கு மேலே எழும்பித் தெரிகிறது. மெய்யொலிகளை அவர் கைவிட்டுவிடுகிறார். பெயர் சொல்லிக் கூப்பிட அது போதும். ஒரு குடும்பச் சண்டையை நடத்தப் போதாது.

திரைப்பட ஒலிக்கு முக்கியமான இரண்டு விதிகள் இதிலிருந்து கிடைக்கின்றன.

1. ஓர் ஒலியை மிக எளிதாக மறைப்பது, அதே அதிர்வெண் பகுதியில் இருக்கும் இன்னொரு வலுவான ஒலி. வயலின் கூட்டம், மின்கித்தார், ஜால்ரா, கூட்டத்தின் ஆரவாரம் ஆகிய அனைத்தும் 1000 முதல் 4000 ஹெர்ட்ஸ் பகுதியில் வலுவாக இருப்பவை. அவை பேச்சுக்கு நேர் போட்டி.

2. கனத்த ஒலி, தனக்கு மேலே இருக்கும் அதிர்வெண்களையும் மறைக்கும். அளவு ஏற ஏற இந்த மறைப்பு இன்னும் மேலே பரவும். அதாவது, அடிவயிற்றில் அதிரும் முழக்கம் மிக உரக்க வரும்போது, தொலைவில் இருப்பதாகத் தோன்றும் பேச்சுப் பகுதியையும் அது எட்டிப் பிடித்துவிடுகிறது.

“சத்தம் அதிகம்”, “வசனம் கேட்கவில்லை” என்ற இரண்டு புகார்களும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல என்பது இதிலிருந்தே விளங்கும். இரண்டும் ஒரே காரணத்தின் இரண்டு முகங்கள்.

ஒரு காட்சியின் ஒலி அடுக்குகள்

திரையில் நாம் கேட்பது ஒரே ஒலியாகத் தோன்றினாலும், ஏறக்குறைய ஒவ்வொரு தமிழ்ப் படத்திலும் அது தனித்தனியாக உருவாக்கி, கடைசியில் கலக்கப்பட்ட நான்கு அடுக்கு.

1. வசனம். படப்பிடிப்பின்போதே பதிவு செய்து அதையே பயன்படுத்தினால் அது நேரடி ஒலிப்பதிவு. துறையில் ‘சிங்க் சவுண்ட்’ என்பார்கள். பின்னர் ஒலிக்கூடத்தில் உதட்டசைவைப் பார்த்துப் பேசிச் சேர்த்தால் அது டப்பிங். இரைச்சல் மிகுந்த கேமராக்கள் வழக்கில் இருந்த பல பத்தாண்டுகளில் டப்பிங்தான் நடைமுறையாக இருந்தது. இன்றும் தமிழில் அதுவே மிகுதி.

2. சூழலொலி. துறையினர் ‘ஆம்பியன்ஸ்’ என்பது. அலை, காற்று, காகம், தொலைவில் போகும் பேருந்து, அறைக்குள் சுழலும் மின்விசிறி. இடம் எது, பொழுது எது என்பதைப் பார்வையாளர் தாமே அறியாமல் அறிந்துகொள்வது இதன் வழியாகத்தான். நாகர்கோவில் காலையை ஒரு நிமிடம் பதிவு செய்தால் தேவாலய மணியும் பள்ளிவாசல் பாங்கும் கோயில் ஒலிபெருக்கியும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்திருக்கும். இந்த ஊரை அறிந்தவருக்கு அதைவிடத் தெளிவான முகவரி தேவையில்லை.

3. விளைவொலி. கதவு, அடி, வெடி, வண்டி ஆகியவற்றின் ஒலிகள். இதற்குள் ‘ஃபோலி’ என்ற ஒரு தனிக்கலை இருக்கிறது: நடிகரின் நடை, துணியின் உரசல், பாத்திரத்தின் ஓசை ஆகியவற்றை ஒருவர் திரையைப் பார்த்துக்கொண்டே ஒலிக்கூடத்தில் தம் கைகால்களால் செய்து பதிவு செய்வது. ஹாலிவுட்டின் யூனிவர்சல் நிறுவனத்தில் இதைச் செய்துவந்த ஜாக் ஃபோலியின் பெயரே கலைக்கும் நிலைத்துவிட்டது. ரப்பர் மரங்கள் இலையுதிர்க்கும் தை, மாசியில் குலசேகரம் பக்கத்துத் தோட்டத்துக்குள் ஒருவர் நடந்தால் ஒவ்வோர் அடிக்கும் சருகு நொறுங்கும். மழைக்காலத்தில் அதே தடத்தில் கால் வைத்தால் ஓசையே எழாது. ஃபோலிக் கலைஞர் இந்த வேறுபாட்டை அறிந்திருந்தால், படம் எந்த மாதத்தில் நிகழ்கிறது என்பதைக் கால் ஓசையிலேயே சொல்லிவிடுவார்.

4. இசை. பாடல்களும் பின்னணி இசையும்.

இங்கே ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துவிடுவது நல்லது. தமிழ்த் திரையுலகில் ‘ரீ-ரெக்கார்டிங்’ அல்லது ‘ஆர்.ஆர்.’ என்றால் பின்னணி இசை அமைத்துப் பதிவு செய்வது. ஹாலிவுட்டில் அதே சொல் எல்லா அடுக்குகளையும் ஒன்றாகக் கலக்கும் இறுதி வேலையைக் குறிக்கிறது. அந்த வேலையை நாம் ‘மிக்ஸிங்’ என்கிறோம். இதனால் வெளிநாட்டு நேர்காணலில் வரும் அந்தச் சொல்லைப் படித்துவிட்டு, இசையமைப்பாளரைப் பற்றிய செய்தி என்று நம்மவர்கள் எண்ணிக்கொள்வது உண்டு. பின்னணி இசை அமைப்பவரும் ஒலிக்கலவை செய்பவரும் வெவ்வேறு ஆட்கள். புகார் எழும்போது பெரும்பாலும் இவர்களில் ஒருவர், தாம் செய்யாததற்காகத் திட்டு வாங்குகிறார்.

நேரடி ஒலிப்பதிவின் சிக்கலையும் இந்த மாவட்டமே விளக்கிவிடும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில், மைக்கின்மேல் மோதும் காற்று கனத்த உறுமலாகப் பதிவாகிறது. முப்பந்தலில் காற்றாலைகளை நிறுவக் காரணமான அதே காற்று, ஒலிப்பதிவாளருக்குப் பகை. மைக்குக்கு முடியடர்ந்த உறை போட்டாலும் ஓரளவுதான் தடுக்க முடியும். எனவே அந்தக் காட்சிகள் டப்பிங்குக்குப் போகின்றன. டப்பிங்கில் காற்று போய்விடும். ஆனால் கூடவே வேறொன்றும் போய்விடும். விளவங்கோட்டுப் பேச்சின் இழுப்பு வேறு, தோவாளைப் பேச்சின் வெட்டு வேறு. இரண்டுக்கும் நடுவே கடற்கரை ஊர்களின் ஏற்ற இறக்கம் வேறு. சென்னையில் ஒலிக்கூடத்தில் நின்று, எழுதிக்கொடுத்த ‘லே’, ‘மக்கா’ ஆகியவற்றை மட்டும் அங்கங்கே தூவிப் பேசும் குரலில் சொற்கள் குமரி மாவட்டத்துக்கு உரியவையாக இருக்கும், ராகம் இருக்காது. நம் மாவட்டத்துக் கதை என்று சொல்லி வரும் படங்களை இங்குள்ளவர்கள் ஓர் அந்நியத்தோடு பார்ப்பதற்கு, கதையைவிட இந்த ராகம் தப்பிப்போவதுதான் பெரிய காரணம் என்பது என் கணிப்பு.

இசை ஒரு காட்சிக்குள் என்ன செய்கிறது

பின்னணி இசையை ‘உணர்ச்சியைக் கூட்டுவது’ என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். அது போதுமான விளக்கம் அன்று. ஒரு காட்சியை எடுத்துப் பார்த்தால் தெளிவாகும்.

விடியுமுன் முட்டம் கரையில் ஒரு பெண் நிற்கிறாள். இரவு தொழிலுக்குப் போன வள்ளம் திரும்ப வேண்டும். வெளிச்சம் இன்னும் வரவில்லை. கலங்கரை விளக்கின் ஒளி மட்டும் சுற்றிப் போகிறது. அவள் முகம் அண்மைக்காட்சியில் இருக்கிறது. அதில் அசைவு எதுவும் இல்லை. படம் ஒன்றே. ஒலியை மட்டும் மூன்று விதமாக மாற்றலாம்.

1. தாழ்ந்த சுரத்தில் வயலின் கூட்டம் தொடங்குகிறது. சில நொடிகளிலேயே வள்ளம் வராது என்று பார்வையாளர் முடிவு செய்துவிடுகிறார். அசைவற்ற முகம் துயரமாகத் தெரிகிறது. இங்கே இசை அவளைவிடக் கூடுதலாக அறிந்திருக்கிறது. அவளுக்குத் தெரியாததை நமக்குச் சொல்லிவிடுகிறது. இனி நாம் அவளோடு காத்திருக்கவில்லை. அவளுக்குச் செய்தி எப்போது தெரியும் என்றுதான் காத்திருக்கிறோம்.

2. இசை இல்லை. அலை மட்டும். அலை விழுந்து பின்வாங்கும் இடைவெளியில் எங்கோ ஒரு வள்ளத்தின் வெளிப்பொருத்து இயந்திரத்தின் ஓசை கேட்டும் கேட்காமலும் வருகிறது. அடுத்த அலை அதை மூடுகிறது. அலை விலகியதும் ஓசை கொஞ்சம் அருகில். தன் வீட்டு வள்ளத்தின் இயந்திர ஓசையை அவள் அறிவாள் என்று முன்பு ஒரு காட்சியில் நமக்குக் காட்டியிருந்தால், இப்போது நாமும் காதைத் தீட்டிக்கொண்டு அந்த இயந்திரம் அதுதானா என்று தேடுகிறோம். அதே முகம் கவனமாகத் தெரிகிறது. நாம் அறிந்தது அவள் அறிந்த அளவுதான்.

3. இயந்திர ஓசை நன்றாக நெருங்கி வருகிறது, திடீரென நிற்கிறது. அலையும் தாழ்த்தப்படுகிறது. சில நொடிகள் ஏறக்குறைய ஓசையே இல்லை. கரை சேர்ந்ததால் இயந்திரத்தை அணைத்தார்களா, அல்லது வேறு ஏதாவதா? படத்தில் எதுவும் மாறவில்லை. ஆனால் அரங்கில் இருப்பவர் மூச்சைப் பிடித்துக்கொள்வார். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயலின்போது கரையில் நின்றவர்கள் வாழும் மாவட்டத்தில், அந்தச் சில நொடிகளின் பாரத்தை எந்த வாத்தியமும் கூட்டிக்காட்ட முடியாது.

இம்மூன்றில் இயந்திர ஓசையைப் போலக் கதைமாந்தரும் கேட்கக்கூடியது கதைக்குள் இருக்கும் ஒலி. வயலினைப் போலப் பார்வையாளர் மட்டும் கேட்பது கதைக்கு வெளியே இருக்கும் ஒலி. இசை பெரும்பாலும் இரண்டாம் வகை. எனவே அது ஒலிக்கும்போதெல்லாம் ஒரு கதைசொல்லி குறுக்கே வந்து பேசுகிறார் என்று பொருள். கதைசொல்லி தேவைப்படும் இடங்கள் உண்டு: காலம் தாண்டும்போது, ஒரு முன்நிகழ்வை நினைவூட்டும்போது, ஒரு மாந்தரின் மெட்டை வேறொரு காட்சியில் ஒலிக்கவிட்டு அவர் இல்லாதபோதும் அவரை அங்கே கொண்டுவந்து நிறுத்தும்போது. அவர் ஓயாமல் பேசினால் காட்சிக்குப் பேச இடமில்லை.

வில்லுப்பாட்டு முன்பே கண்ட தீர்வு

ஒலிக்கலவை புதிய தொழில்நுட்பம் என்று கருதுகிறோம். குமரி மாவட்டக் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவர்களுக்கு அதன் இலக்கணம் ஏற்கெனவே தெரியும். புலவர் வீசுகோலால் வில்லை அடிக்கிறார். வில்லில் கட்டிய மணிகள் குலுங்குகின்றன. குடம், உடுக்கை, ஜால்ரா, கட்டை ஆகியவை சேருகின்றன. பாடும் வரிகளில் எல்லாம் முழங்கும். ஆனால் புலவர் பாட்டை நிறுத்திவிட்டு வசனமாகக் கதை சொல்லத் தொடங்கும்போது கூரிய ஓசையுள்ள ஜால்ராவும் மணியும் அடங்கிவிடும். குடம் மட்டும் மெல்லத் தாங்கும், அல்லது அதுவும் நிற்கும். பின்பாட்டுக்காரர் ஒரு சொற்றொடர் முடிந்தபிறகே ‘ஆமா’ போடுவார். சொல்லின் நடுவே போடமாட்டார். சாமியை வரவழைக்கும் கட்டத்தில் மீண்டும் எல்லாம் ஒருசேர எழும். அந்த இடத்தில் சொல் விளங்க வேண்டிய தேவையும் இல்லை.

இன்றைய ஒலிக்கூடத்தில் மிக நவீனமான கருவிகளைக் கொண்டு செய்வதும் இதைத்தான். வசனம் வரும் நொடியில் இசையின் அளவைத் தாழ்த்துவது, இசையில் 1000 முதல் 4000 ஹெர்ட்ஸ் பகுதியை மட்டும் சற்றுக் குறைத்துப் பேச்சுக்கு வழிவிடுவது, வசனத்துக்கு இடையிலுள்ள இடைவெளியில் வாத்தியத்தை நுழைப்பது. நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்து, நாடக மேடையிலிருந்து திரைக்குப் போன என். எஸ். கிருஷ்ணன் வில்லுப்பாட்டையும் தம் கையில் வைத்திருந்தவர். மேடையில் தேர்ந்த அந்தத் தலைமுறை நடிகர்களுக்கு, ஒரு சொல் கடைசி வரிசை வரை போய்ச் சேர வேண்டும் என்பது தொழில் தர்மமாகவே இருந்தது.

வேலை வரிசையில் இருக்கும் கோளாறு

அப்படியானால் ஏன் இசை வசனத்தை மூழ்கடிக்கிறது? கருவிகள் இருக்கின்றன, திறமையும் இருக்கிறது. என் பார்வையில் காரணம் வேலை நடக்கும் வரிசையில் இருக்கிறது.

1. படத்தொகுப்பு ஓரளவு முடிந்ததும் டப்பிங் நடக்கிறது. வசனத்தைத் தூய்மை செய்து ஒரு நிலைக்குக் கொண்டுவருகிறார்கள்.

2. அதே காலத்தில் சூழலொலியும் விளைவொலியும் ஃபோலியும் உருவாகின்றன. இசை எப்படி வரும் என்று தெரியாததால், காட்சி வெறுமையாகத் தோன்றாதபடி ஒலி வடிவமைப்பாளர் எல்லா இடத்தையும் நிரப்பி வைக்கிறார்.

3. பின்னணி இசை கடைசியில் வருகிறது. வெளியீட்டுத் தேதி முதலிலேயே அறிவிக்கப்பட்டுவிட்ட படங்களில் வெளியீட்டுக்குச் சில நாட்களுக்கு முன்பு கூட வருவது உண்டு. விளைவொலி எங்கே நிரம்பியிருக்கிறது என்று முழுமையாகக் கேட்க இசையமைப்பாளருக்கு நேரம் இருப்பதில்லை. அவரும் எல்லா இடத்தையும் நிரப்புகிறார்.

4. இப்போது ஒரே நொடியில் வசனம், வெடிப்பு, பறைக்கூட்டம், வயலின் கூட்டம் ஆகிய நான்கும் நிற்கின்றன. கலவை செய்பவர் இவற்றில் சிலவற்றை எடுத்துவிட்டாக வேண்டும். எதை எடுப்பது என்று முடிவு செய்யும் அதிகாரம் பெரும்பாலும் அவர் கையில் இல்லை. காட்சி போதிய விறுவிறுப்பாக இல்லை என்ற அச்சம் இயக்குநருக்கோ தயாரிப்பாளருக்கோ கடைசி இரவில் வந்துவிட்டால், எல்லாவற்றையும் கூட்டச் சொல்வார்கள்.

பழைய படங்களில் வசனம் தெளிவாகக் கேட்டதற்குக் காரணம் அக்காலத்தவரின் நல்ல ரசனை மட்டும் அன்று. 1931 அக்டோபரில் முதல் தமிழ்ப் பேசும்படம் வந்ததிலிருந்து அரை நூற்றாண்டுக்கு மேலாக நம் படங்கள் பெரும்பாலும் ஒற்றைத்தட ஒலியில் வந்தன. குரல், இசை, கடல் எல்லாம் திரைக்குப் பின்னால் இருந்த ஓரிடத்திலிருந்தே வந்தாக வேண்டும். படச்சுருளின் ஓரத்தில் ஒளிக்கோடாகப் பதிந்த அந்தத் தடத்துக்கு மிக மெல்லிய ஒலியையும் மிக வலிய ஒலியையும் தாங்கும் ஆற்றல் இல்லை. ஆகவே வசனம் வந்தால் இசை ஒதுங்கித்தான் தீர வேண்டும். கருவியே அப்படிக் கட்டாயப்படுத்தியது. 1980களில் முட்டம் கரையில் எடுத்த படங்களை இன்று கேட்டால், கடலின் அளவு உண்மையில் இருப்பதைவிட மிகத் தாழ்ந்திருப்பது தெரியும். ஒலியைப் பல பெட்டிகளுக்குப் பிரித்து அனுப்பும் டால்பி, டி.டி.எஸ். முதலிய 5.1 தட முறைகளும், 2012 முதல் 128 தடங்கள் வரை கையாளக்கூடிய டால்பி அட்மாஸும் வந்தபின் அந்தக் கட்டாயம் நீங்கிவிட்டது. இடம் பெருகியதும் நிரப்பும் ஆசையும் பெருகியது.

அந்த ‘இரண்டு புள்ளி’

திரையரங்கின் இயக்கறையில் ஒலிச் செயலி ஒன்று இருக்கும். அதன் முகப்பில் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் கட்டுப்பாட்டுக்கு ‘ஃபேடர்’ என்று பெயர். துறையில் பரவலாக உள்ள டால்பி முறைச் செயலிகளில் அது 0 முதல் 10 வரை எண் காட்டும். ‘புள்ளி’ என்று பேசப்படுவது இந்த எண்தான்.

இந்த எண்களில் 7 என்பது உலகப் பொதுநிலை. ஒலிக்கூடத்தில் கலவை செய்யும்போது 7இல் வைத்துத்தான் கேட்கிறார்கள். அந்நிலையில் வரையறுத்த பரிசோதனை ஒலியை இயக்கினால், இருக்கையில் அமர்ந்திருப்பவருக்குத் திரைக்குப் பின்னாலுள்ள ஒவ்வொரு ஒலிபெருக்கிப் பெட்டியிலிருந்தும் 85 டெசிபல் கிடைக்குமாறு அரங்கைச் சீரமைத்திருக்க வேண்டும். 4 முதல் 10 வரையிலான பகுதியில் ஓர் எண் மாறினால் ஏறத்தாழ 3.3 டெசிபல் மாறும். எனவே 7இலிருந்து 5க்கு இறக்குவது 6.7 டெசிபல் குறைப்பது; காதுக்கு ஒலி ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காகத் தோன்றும்.

இதனால் விளைவது என்ன?

1. காது வலி குறையும். அது உண்மையான பயன்.

2. கனத்த ஒலியின் மேல்நோக்கிய மறைப்பு சற்றுக் குறையும். ஆகவே சில இடங்களில் வசனம் முன்பைவிடத் தெளியவும் கூடும்.

3. ஆனால் ஃபேடர் எல்லா அடுக்குகளையும் ஒரே அளவில் குறைக்கிறது. இசைக்கும் வசனத்துக்கும் இடையிலுள்ள விகிதம் அப்படியே இருக்கிறது. கலவையிலேயே மூழ்கிய வசனம் மூழ்கியபடியே இருக்கும்.

4. அமைதியான காட்சிகளில் வசனம் இன்னும் தாழ்ந்துபோய், குளிர்சாதனத்தின் இரைச்சலோடும் அரங்கின் சலசலப்போடும் போட்டியிட வேண்டியிருக்கும்.

நான்காவது விளைவுதான் ஒரு சுழலைத் தொடங்கிவைக்கிறது. புகாருக்குப் பயந்து அரங்குகள் 5இலும் அதற்குக் கீழும் நிரந்தரமாக வைத்துவிடுகின்றன. தம் படம் அங்கே மெலிந்து ஒலிக்கிறது என்று அறிந்த படக்குழு, அடுத்த படத்தை இன்னும் உரக்கக் கலக்கிறது. அரங்கு மேலும் இறக்குகிறது. 7இல் கேட்பதற்காக அளவோடு கலந்த ஒரு நல்ல படம் அதே அரங்கில் ஓடும்போது, அதன் வசனம் யாருக்கும் கேட்பதில்லை. பழி அந்தப் படத்தின்மேல் விழுகிறது.

வீட்டில் கேட்காததற்கு வேறு காரணம்

அரங்கில் வசனம் பெரும்பாலும் திரையின் நடுவிலுள்ள பெட்டியிலிருந்து தனியே வருகிறது. இசை இடம், வலம், பக்கங்களிலிருந்து வருகிறது. திசை வேறாக இருப்பதாலேயே காது இரண்டையும் பிரித்துக்கொள்கிறது. வீட்டுத் தொலைக்காட்சியில் இருப்பவை இரண்டு சிறிய ஒலிபெருக்கிகள்; அவையும் பெரும்பாலும் கீழ்நோக்கியோ பின்நோக்கியோ பொருத்தப்பட்டவை. நடுத்தட வசனம் இரண்டிலும் பகிர்ந்து, இசையோடு ஒரே இடத்திலிருந்து வருகிறது. திசை தந்த உதவி போய்விடுகிறது. தொலைக்காட்சி அமைப்பில் ‘நைட் மோட்’ அல்லது வசனத்தைத் தெளிவாக்கும் தெரிவு இருந்தால் அதைப் பயன்படுத்தலாம். வலிய ஒலியைத் தாழ்த்தி மெல்லியதை உயர்த்துவது அதன் வேலை. தகரக் கூரையில் மழை விழும் இரவில் படம் பார்ப்பவருக்கு அது பெரிய உதவி.

கோளாறு எங்கே என்று கண்டறிவது

ஒரு படத்தில் வசனம் விளங்காதபோது, குற்றம் படத்தினுடையதா அரங்கினுடையதா என்பதைப் பார்வையாளரே ஓரளவு பிரித்தறிய முடியும்.

1. பாடல்கள் நன்றாக ஒலிக்கின்றன. இசையே இல்லாத அமைதியான காட்சியிலும் வசனம் மங்கலாகவோ கரகரப்பாகவோ வருகிறது என்றால், திரையின் நடுப் பெட்டியில் பழுது இருக்க வாய்ப்பு அதிகம். பாடல் இடவலப் பெட்டிகளிலிருந்து வருவதால் அது தப்பித்துவிடுகிறது.

2. படத்துக்கு முன்வரும் விளம்பரங்களிலும் பேச்சு எதிரொலித்துக் குழம்புகிறது என்றால், சுவர்களின் ஒலியுறிஞ்சும் மேற்பரப்பு சிதைந்திருக்கலாம்.

3. அமைதியான காட்சியில் வசனம் தெளிவு. இசையோ சண்டையோ வந்ததும் மூழ்குகிறது என்றால், கோளாறு கலவையில். வேறோர் அரங்கில் போய்ப் பார்த்தாலும் அது மாறாது.

4. எல்லாமே தெளிவாக, ஆனால் தொலைவிலிருந்து வருவதுபோல் இருந்தால், ஃபேடர் மிகவும் தாழ்ந்திருக்கிறது.

முதல் இரண்டுக்கும் நான்காவதுக்கும் அரங்க மேலாளர் பதில் சொல்ல முடியும். “சத்தத்தைக் குறையுங்க” என்றோ “கூட்டுங்க” என்றோ பொதுவாகச் சொல்வதைவிட, ஃபேடர் எந்த எண்ணில் இருக்கிறது, நடுப் பெட்டியைக் கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்ற இரண்டு கேள்விகளைக் கேட்பது பயன் தரும். மூன்றாவதற்கு அவரிடம் விடை இல்லை. அது சென்னையிலோ கொச்சியிலோ ஒரு கலவைக்கூடத்தில், வெளியீட்டுக்கு முந்தைய ஓர் இரவில் எடுத்த முடிவு.